வட்டத்தைப் பிரிக்கும் மேசையை வீட்டுப் பட்டறையிலேயே செய்யலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் பொள்ளாச்சி வாசகர் ஒருவர், ரோட்டரி டேபிள் எனப்படும் சுழல் மேசையை வீட்டுப் பட்டறைக்காரர்கள் தாமே செய்துகொள்ள முயல்வது வீண் வேலை என்றும், துல்லியம் என்பது பெரிய தொழிற்சாலைகளிடம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்றும் எழுதியிருந்தார். கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் டர்னராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கொழிஞ்சாம்பாறையில், முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த கொட்டகையில், பழைய நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்துச் சிறு வேலைகள் செய்து வருகிறேன். அவர் கருத்தில் பாதி உண்மை என்பதையும், மீதிப் பாதியை நம்பி யாரும் கைவிட்டுவிடக் கூடாது என்பதையும், நானே செய்து பார்த்த வேலையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

பட்டறைப் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வட்டமான இரும்பில் சம இடைவெளியில் துளை போடவோ பல் வெட்டவோ வேண்டுமானால், அதை ஒவ்வொரு முறையும் சரியான அளவு திருப்பி நிறுத்தியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சுழல் மேசை. கைப்பிடியைச் சுற்றினால் வொர்ம் எனும் திருகு சுழலும். அது ஒரு முழுச் சுற்று சுற்றும்போது மேசைக்கு அடியில் உள்ள வொர்ம் வீல் எனும் பல் சக்கரத்தில் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 90 பற்கள் இருந்தால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு மேசை 4 பாகை திரும்பும். ஆறு துளை வேண்டுமென்றால் துளைக்குத் துளை 15 சுற்று. ஏழு துளை என்றால் 12 சுற்றும் மேலே ஏழில் ஆறு பங்கும். அந்தப் பங்கை அளக்கக் கைப்பிடிக்குப் பின்னால் 21 துளை கொண்ட இன்டெக்ஸ் பிளேட்டை மாட்டி, அதில் 18 துளை தள்ளி நிறுத்த வேண்டும்.

எனக்கு இந்த மேசை தேவைப்பட்ட காரணம் நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் ஒன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பழைய இயந்திரத்தில் 37 பல் உள்ள சக்கரம் உடைந்துபோனது. அந்த இயந்திரத்துக்கு இப்போது உதிரிபாகம் கிடைப்பதில்லை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து வெட்டி வாங்கி வந்தோம். முப்பத்தாறு பற்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கடைசிப் பல் மட்டும் பாதி மெலிந்திருந்தது. பல்லுக்குப் பல் சிறிதளவு கூடுதலாகத் திருப்பிக்கொண்டே போனால் அந்த மிச்சமெல்லாம் கடைசிப் பல்லின் தலையில்தான் விழும். 37 பகா எண் என்பதால் அதைப் பாதியாக்கியோ மூன்றாக்கியோ வேறு தகட்டில் ஒப்பேற்ற முடியாது. தோட்டத்துக்காரர் இரண்டு முறை பணம் கொடுத்து இரண்டு முறையும் பயன்படாத சக்கரத்தோடு திரும்பினார் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்த வருத்தத்தில்தான் மேசை வேலையைத் தொடங்கினேன்.

மேசைத் தட்டும் அடிப்பாகமும் வார்ப்பிரும்பாக இருப்பது நல்லது. அதிர்வை அது தாங்கிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது எளிதில் கடித்துக்கொள்ளாது. மரத்தில் பாட்டர்ன் எனும் மாதிரி வடிவம் செய்து கொடுத்தால், கிரைண்டர், பம்பு உருப்படிகளை வார்க்கும் சிறு பவுண்டரிகளில் இதையும் சேர்த்து ஊற்றித் தருகிறார்கள். நான் வாங்கியது 200 மில்லிமீட்டர் தட்டு ஒன்றும் அதற்கேற்ற அடிப்பெட்டி ஒன்றும். கோவையிலிருந்து இரண்டு நடையாகப் பேருந்தில் கொண்டுவந்தேன். வார்ப்பு வந்த உற்சாகத்தில் உடனே கடைசி அளவுக்குக் கடைந்துவிடக் கூடாது. மேல்தோலை எடுத்து, எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கடைந்து, சில வாரங்கள் வெயிலிலும் குளிரிலும் போட்டு வைக்க வேண்டும். வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் தோல் உரிந்ததும் தளரத் தொடங்கும். தட்டு கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அந்த வளைவெல்லாம் வந்து முடிந்த பிறகு கடைசி அளவுக்குக் கடைந்தால், பின்னர் அது தன் இடத்தைவிட்டு அசைவதில்லை.

தட்டின் அடிமுகம், நடுவில் இறங்கும் தண்டு, வொர்ம் வீல் உட்காரும் தோள் ஆகிய மூன்றையும் சக் எனும் லேத்தின் கவ்வியில் ஒரே பிடியில் கடைந்து முடிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிடியை அவிழ்த்துத் திருப்பி மாட்டினால், எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மையம் விலகும். அந்த விலகல் பிறகு என்ன செய்தாலும் மேசையை விட்டுப் போகாது.

இனி வொர்ம் வீல். இதுதான் மேசையின் உயிர். இங்கேதான் பலரும் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். நான் 20 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் பிட்ச்சும் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) கொண்ட டிரப்பிசாய்டல் எனும் சரிவக வடிவ மரையை வொர்மாக எடுத்துக்கொண்டேன். 90 பல்லுக்கு 4 மில்லிமீட்டர் வீதம் சக்கரத்தின் பிட்ச் வட்டச் சுற்றளவு, அதாவது பற்கள் வொர்மோடு பொருந்தும் வட்டத்தின் சுற்றளவு, 360 மில்லிமீட்டர் ஆகிறது. சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு பாகை என்ற இந்தப் பொருத்தம் கணக்கை மிகவும் எளிதாக்குகிறது. பிட்ச் விட்டம் 114.59, வெளி விட்டம் 118.6, வொர்முக்கும் சக்கரத்துக்கும் மையத் தூரம் 66.3 மில்லிமீட்டர். சக்கரத்துக்குக் கன்மெட்டல் எனும் வெண்கலம் வாங்கினேன்.

மரையின் வடிவிலேயே ஒரு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போன்ற வெட்டுக்கருவியைச் செய்து, அதைச் சக்கரத்தோடு உராய விட்டால் பற்கள் தாமே விழும் என்று பலர் சொல்வார்கள். பற்கள் விழும் என்பது உண்மை. 90 விழும் என்பதற்கு உறுதி இல்லை. கருவி முதலில் தொடுவது வெளி விட்டத்தை. அந்தச் சுற்றளவு 372 மில்லிமீட்டருக்கு மேல். அதில் 93 பற்களுக்கு இடம் உண்டு. தொடக்கத்தில் 92, 93 என்று தடம் விழுந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஆழம் போனாலும் அது 90 ஆவதில்லை. பற்கள் மட்டும் குழம்பிச் சிதையும். ஆகவே முதலில் 90 இடங்களில் பல் குழியைத் தனித்தனியே வெட்டிவிட்டு, அதன் பிறகே உராய விட வேண்டும். 90 இடங்களைப் பிரிக்கச் சுழல் மேசை வேண்டும். அதுதான் நம்மிடம் இல்லை. பொள்ளாச்சி வாசகர் இந்த இடத்தில்தான் முட்டுச்சுவரைக் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுவரைத் தாண்ட எனக்கு உதவியது ஒரு பிளைவுட் வட்டும் பழைய எஃகு அளவு நாடாவும். 900 மில்லிமீட்டர் நாடா ஒரு வட்டைச் சரியாகச் சுற்றி முடிய வேண்டுமானால் அந்த வட்டின் விட்டம் ஏறத்தாழ 286.5 இருக்க வேண்டும். இந்த எண்ணை நம்பி நான் கடையவில்லை. வட்டைச் சற்றுப் பெரிதாக விட்டு, நாடாவைச் சுற்றிப் பார்த்து, 900-வது கோடு சுழியத்தின் மேல் வந்து உட்காரும் வரை மயிரிழை மயிரிழையாகக் கடைந்தேன். நாடாவின் தடிமன் என்ன, மரம் எவ்வளவு அமுங்குகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் கோடும் கோடும் சேர்ந்ததே விடையாயிற்று. இப்போது நாடாவில் ஒவ்வொரு 10 மில்லிமீட்டரும் 4 பாகை. இந்த வட்டை லேத் ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) பின்முனையில் மாட்டி, சக்கரத்தைச் சக்கில் பிடித்து, கிராஸ் ஸ்லைடின் (லேத்தில் குறுக்கே நகரும் தாங்கியின்) மேல் சிறு மோட்டாரில் ஓடும் ஒற்றைப் பல் கட்டரை 4 பாகை சாய்த்து நிறுத்தி, கோட்டுக்குக் கோடு பூதக்கண்ணாடியால் பார்த்துத் திருப்பி 90 குழிகளையும் வெட்டினேன். கட்டரைச் சாய்ப்பதற்குக் காரணம், மரையின் ஏற்றக் கோணம் அந்த அளவு என்பதே. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதை வொர்மைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்து ஒரு சக்கரத்தை நான் வீணாக்கினேன். கன்மெட்டல் விற்கும் விலைக்கு அது சிறு இழப்பன்று.

உராய வெட்டும் கருவியை ஓ.எச்.என்.எஸ். எனும் கருவி எஃகுக் கம்பியில் கடைந்து, நீளவாக்கில் ஆறு வாய்க்கால் வெட்டி, சுமார் 800 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கினேன். வொர்மையும் இந்தக் கருவியையும் லேத்தில் ஒரே கியர் அமைப்பில், ஒரே டூலில் மரை வெட்டினால் இரண்டின் பிட்ச்சும் ஒன்றாகவே அமையும். பல்லின் அடியில் வொர்ம் முட்டாதிருக்கக் கருவியின் வெளி விட்டத்தை மட்டும் சிறிது கூட்ட வேண்டும். கருவியை இரு சென்டர்களுக்கிடையே ஓடவிட்டு, சக்கரத்தைத் தடையின்றிச் சுழலும் ஊசியில் நிறுத்தி மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினால், வெட்டிய குழிகளில் கருவி நுழைந்து சக்கரத்தைத் தானே இழுத்துச் சுற்றும். அந்தக் காட்சியைக் காணப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஐ.டி.ஐ.யில் பாடத்தை மலையாளத்தில் படிப்பவன். நான் தமிழில் சொன்ன ஒவ்வொன்றையும் அவன் தன் நோட்டில் மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டான். பல் என்ற சொல்லுக்கு மட்டும் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது, வாசகர் கூறியதில் உண்மையான பாதிக்கு வருகிறேன். வீட்டில் மேசை செய்வோரிடையே, பிழை எதுவானாலும் வொர்ம் அதைத் தொண்ணூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது சரியன்று. வொர்ம் குறைப்பது கைப்பிடிப் பக்கத்துப் பிழைகளை மட்டுமே. எடுத்துக்காட்டாக, 37 துளை இன்டெக்ஸ் பிளேட்டை நான் மேலே சொன்ன நாடா முறையிலேயே, 370 மில்லிமீட்டர் சுற்றளவில் குறித்துத் துளையிட்டேன். அதில் ஒரு துளை 0.2 மில்லிமீட்டர் விலகியிருந்தால் அது கைப்பிடியில் ஏறத்தாழ 12 கோண நிமிடப் பிழை (ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி). மேசைக்கு வரும்போது அது 8 விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. 37 பல் சக்கரத்தின் விளிம்பில் அதன் விளைவு இரண்டு மைக்ரானைக்கூட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டாது. ஆகவே இன்டெக்ஸ் பிளேட்டைக் கையால் குறித்துத் துளையிட எவரும் தயங்க வேண்டியதில்லை.

வொர்ம் வீலின் பிழை அப்படிப்பட்டதன்று. அதில் ஒரு பல் 5 நிமிடம் தள்ளி நின்றால் மேசையும் அந்த இடத்தில் 5 நிமிடம் தள்ளியே நிற்கும். பிளைவுட் வட்டு மையத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகி மாட்டப்பட்டால் போதும், சக்கரத்தின் ஒரு பாதியில் பற்கள் சிறிது சிறிதாக முந்தி, மறு பாதியில் பிந்தி, கிட்டத்தட்ட அதே 5 நிமிடம் வந்துவிடும். உராய வெட்டும் கருவி ஒரே நேரத்தில் அடுத்தடுத்த சில பற்களைத் தொடுவதால், பக்கத்துப் பற்களுக்கிடையே உள்ள திடீர் வேறுபாட்டைச் சமன்படுத்தும். அரை வட்டத்துக்கு நீண்டு மெதுவாக வளரும் பிழையை அதனால் முழுதாக நீக்க முடியாது. தொழிற்சாலையில் வாங்கும் மேசையில் நாம் பணம் கொடுப்பது இந்தச் சக்கரத்துக்குத்தான். பொள்ளாச்சி வாசகர் இதை எண்ணித்தான் எழுதினார் என்றால் அவர் அச்சம் நியாயமானது.

ஆனால் வட்டத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை பங்காகப் பிரித்தாலும் அவற்றின் கூட்டுத்தொகை 360 பாகைதான். ஒரு பங்கு கூடினால் இன்னொரு பங்கு குறைந்தே தீரும். நேர்கோட்டை அளக்க வெளியிலிருந்து ஒரு மூல அளவு வேண்டும். வட்டத்தைச் சோதிக்க அப்படி எதுவும் வேண்டாம். 60 மில்லிமீட்டர் சதுரக் கட்டை ஒன்றை மேசையின் நடுவில் கட்டி, நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை அதன் ஒரு முகத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிப் பார்த்தேன். பிறகு கைப்பிடியை இருபத்திரண்டரைச் சுற்று சுற்றினால் மேசை 90 பாகை திரும்பி அடுத்த முகம் வரும்; அதையும் அப்படியே பார்த்தேன். நான்கு முகமும் முடிந்ததும் கட்டையை மட்டும் ஒரு கால் வட்டம் மாற்றிக் கட்டி மறுபடியும் நான்கு முறை. கட்டையில் உள்ள கோணப் பிழை கட்டையோடு நகரும், மேசையில் உள்ள பிழை மேசையிலேயே நிற்கும். இரண்டும் தனித்தனியே பிரிந்து தெரிந்துவிடும். 60 மில்லிமீட்டர் நீளத்தில் கேஜின் 0.01 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ அரை நிமிடக் கோணம். நூறு ரூபாய்க் கட்டையையும் சாதாரண டயல் கேஜையும் வைத்து அரை நிமிடம் வரை ஒரு மேசையை அளந்துவிட முடிகிறது என்பதைத் தங்கள் நாளிதழைப் படிக்கும் ஒவ்வொரு ஐ.டி.ஐ. மாணவரும் அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

என் மேசையில் கண்ட பெரிய பிழை 2 நிமிடம். 37 பல் சக்கரத்தின் பிட்ச் வட்டத்தில் அது 0.02 மில்லிமீட்டர். கடலை உடைக்கும் இயந்திரத்துக்கு இது மிகவும் தாராளம். சக்கரத்தை வெட்டிப் பொருத்தினோம். முன்பிருந்த கடகடப்பு இல்லாமல் ஓடுகிறது.

துல்லியம் வாங்க வேண்டிய பொருள் என்றால், முதன்முதலில் அதைச் செய்தவர் எங்கே வாங்கினார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 1770-களில் லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்ற கருவியாளர், கப்பலோட்டிகள் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிகளுக்குப் பாகைக் கோடு பிரிக்க ஓர் இயந்திரம் செய்தார். 45 அங்குல விட்டமுள்ள சக்கரம், அதன் விளிம்பில் 2160 பற்கள், அவற்றைத் திருப்ப ஒரு வொர்ம்; வொர்ம் ஆறு சுற்றுச் சுற்றினால் ஒரு பாகை. அத்தகைய சக்கரத்தை விற்கும் கடை அன்று உலகில் எங்கும் இல்லை. கையால் பிரித்து, சோதித்து, திருத்தித்தான் அவர் அதை அடைந்தார். நம் கொட்டகையில் உள்ள வேலையும் அதே வகையைச் சேர்ந்தது. அளவில் மட்டும் மிகச் சிறியது.

செய்ய விரும்புவோருக்கு இன்னும் இரண்டொரு விஷயங்கள். வொர்மை நிறுத்தும் புஷ்ஷை (தண்டைத் தாங்கும் உருளைக் குழலை) மையம் விலகிய துளையோடு, அதாவது எக்ஸென்ட்ரிக் புஷ்ஷாகக் கடைந்தால், அதைச் சிறிது திருப்பி வொர்மைச் சக்கரத்தோடு நெருக்கலாம்; தேய்மானத்தால் வரும் ஆட்டத்தை ஆண்டுக்கொரு முறை எடுத்துவிடலாம். ஆட்டம் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால் எப்போதும் ஒரே திசையில்தான் திருப்பி நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் அரைச் சுற்றுப் பின்னுக்குப் போய் மீண்டும் முன்னால் வர வேண்டும். பல் வெட்டும்போது மேசையைப் பூட்டாமல் வெட்டக் கூடாது. தட்டின் மேல்முகத்தைக் கடைசியில், எல்லாம் பூட்டி முடித்த பிறகு, கட்டரை மேலே ஓடவிட்டு மேசையை அதன் கைப்பிடியாலேயே மெதுவாகச் சுற்றி ஒரு முறை மழித்தெடுத்தால், மேசை தன் சுழற்சிக்குத் தானே மட்டமாகிவிடும். வேலைப்பொருளை இறுக்கிக் கட்ட உதவும் டி-ஸ்லாட் காடிகளை வெட்ட வசதியில்லாதவர் 8 மில்லிமீட்டர் மரைத் துளைகளை வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். என் மேசையில் அப்படித்தான் இருக்கிறது. மெல்லிய தட்டுக்கு அதுவே வலுவானது என்பது என் கருத்து.

இப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசுகிறது. எண்ணெய் பூசிய இரும்பில் புழுதி வந்து அப்பிக்கொள்வதால் நுண்வேலை எதுவும் செய்வதற்கில்லை. மேசையைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன். காற்று ஓய்ந்ததும் இரண்டாவது சக்கரத்தை வெட்ட எண்ணம். சதுரக் கட்டையோடு ஆறு பட்டைக் கட்டை ஒன்றையும் சேர்த்துச் சோதித்ததில், முழு வட்டத்தில் எட்டு இடங்களின் பிழை எனக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பிடி டயலில் 120 கோடுகள் போட்டிருப்பதால் ஒரு கோடு 2 நிமிடம். எந்த இடத்தில் எத்தனை கோடு கூட்ட வேண்டும், எத்தனை குறைக்க வேண்டும் என்று அட்டை ஒன்றில் எழுதிச் சுவரில் மாட்டியாகிவிட்டது. முதல் சக்கரம் தன் பிழையைத் தானே சொல்லிக் கொடுக்க, அதைத் திருத்திக்கொண்டே இரண்டாவதை வெட்டப் போகிறேன். அது அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டால், பொள்ளாச்சி வாசகர் விரும்பும் எந்தக் கட்டையையும் எந்தக் கேஜையும் கொண்டுவந்து என் கொட்டகையிலேயே அளந்து பார்க்கலாம்; கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.